ஒரே கஷாயம் எல்லோருக்கும் ஆகுமா?

கேள்வி: மழை தொடங்கியதிலிருந்து வீட்டில் அனைவருக்கும் சளி, இருமல். என் மாமியார் துளசி, கற்பூரவள்ளி, மிளகு, அதிமதுரம் போட்டுக் கஷாயம் காய்ச்சித் தேன் கலந்து, எட்டு மாதக் குழந்தை உட்பட எல்லோருக்கும் கொடுக்கிறார். அவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். இது சரியா?
– வாசகி, தேனி

பதில்: சரக்குகளில் பெரிய குறை ஒன்றுமில்லை, ஒரே பாத்திரத்திலிருந்து எல்லோருக்கும் ஊற்றுவதுதான் தவறு. சித்த மருத்துவத்தில் குழந்தைகளுக்கென்றே பாலவாகடம் என்ற தனிப் பிரிவு இருக்கும்போது, வீட்டு வைத்தியத்தில் மட்டும் அந்த வேறுபாட்டை நாம் ஏன் மறந்தோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

முதலில் குழந்தைக்குக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். ஒரு வயது நிறையும் முன் தேனை நாக்கில் தடவுவதும் கூடாது. தேனில் சில வேளைகளில் இருக்கும் பாட்டுலினம் கிருமியின் வித்துகள், பக்குவப்படாத சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலச்சிக்கல், பால் குடிக்கத் திணறல், அழுகுரல் மெலிதல், தசைத் தளர்ச்சி ஆகியவை அதன் அறிகுறிகள். கஷாயத்தின் கொதிநிலையில்கூட அந்த வித்துகள் அழிவதில்லை. இந்த வயதில் சளிக்கு மருந்தாகத் தாய்ப்பாலும், மூக்கடைப்புக்கு மருத்துவர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டும் போதும். மூக்கில் எண்ணெய் விடுவது, கற்பூரம் கலந்த தைலம் தடவுவது இரண்டும் வேண்டாம். ஒரு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு, படுக்கும் முன் அரைத் தேக்கரண்டித் தேன் இரவு இருமலைத் தணிக்கும்.

அடுத்து உங்கள் மாமியார். அதிமதுரத்திலுள்ள கிளைசிரைசின் உடலில் உப்பைத் தங்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும். தொடர்ந்து குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும். அவருடைய மாத்திரை சிறுநீரைப் பெருக்கும் வகையாக இருந்தால், பொட்டாசியம் இரு வழியிலும் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். அவருக்கு அதிமதுரத்தை விட்டுவிட்டுச் சுக்கும் துளசியும் மட்டும் போட்டுக் காய்ச்சுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், பனங்கற்கண்டும் சர்க்கரைதான் என்பதை நினைவில் வையுங்கள். மற்றவர்கள் இந்தக் கஷாயத்தைச் சில நாட்கள் அளவாகக் குடிக்கலாம்.

கேள்வி: மருத்துவர் எழுதித் தந்த ஆம்ப்ராக்சால் சிரப்புக்குப் பதிலாக ஆடாதொடைக் கஷாயம் குடிக்கலாமா? ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மகளுக்கும் இருமல் இருக்கிறது.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் கேட்ட இரண்டுக்கும் உறவு உண்டு. ஆடாதொடை இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டு உருவாக்கப்பட்ட மருந்துதான் புரோம்ஹெக்சின்; அது உடலுக்குள் மாறும்போது கிடைப்பதே ஆம்ப்ராக்சால். இரண்டுமே கெட்டிச் சளியை இளக்குபவை. ஆனால் சிரப்பில் மருந்தின் அளவு வரையறுக்கப்பட்டிருக்கும்; இலையில் அது செடிக்குச் செடி மாறுபடும். ஆகவே மருத்துவரிடம் சொல்லாமல் ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்க வேண்டாம். மகளுக்கு ஆடாதொடை கூடவே கூடாது. வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கத் தூண்டும் தன்மை உண்டு. வெந்நீரும், சிறிது தேனும், உப்புநீரால் தொண்டை கொப்பளிப்பதும் போதும். குறையாவிட்டால் அவரைக் கவனிக்கும் மகப்பேறு மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: கணவருக்கு ஒரு மாதமாக வறட்டு இருமல். சித்தரத்தையை வாயில் அடக்கியும் தீரவில்லை. இடையில் இரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில் மாத்திரை தொடங்கியிருக்கிறார்.
– வாசகி, விருதுநகர்

பதில்: சித்தரத்தையை இனியும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். எனலாப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு இத்தகைய வறட்டு இருமலைத் தரும். தானாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் கூறினால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். அதோடு, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் காசநோய்ப் பரிசோதனை தேவை. அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை இலவசம். இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். சளியில் இரத்தம், மூச்சிரைப்பு, எடை குறைதல், மாலைக் காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அடுத்த நாள் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.