மண்டைக்குள்ள புடைச்ச நாடி: அக்காவிட்ட கேளுங்கோ

நான் டொக்டர் இல்லை, யாழ்ப்பாணத்தில ஒப்பரேசன் தியேட்டர் நேர்ஸா கன வருசம் நிண்டு இளைப்பாறின ஆள். உந்த அனூரிசம், அதுதான் நாடி புடைக்கிற வருத்தம், அதின்ர சரித்திரத்தில எனக்குக் கொஞ்சம் பைத்தியம், அதால தெரிஞ்சதைச் சொல்லுறன்.

கேள்வி: அக்கா, மாமிக்கு ஸ்கானில அனூரிசம் எண்டினம். கட்டியோ?

கட்டி இல்லை பிள்ளை. சைக்கிள் ரயர் தேய்ஞ்ச இடத்தால ரியூப் பிதுங்கிக்கொண்டு நிக்குமெல்லோ, அதுதான். நாடியின்ர சுவர் மெலிஞ்ச இடம் பை மாதிரி ஊதும், வெடிச்சா மூளையைச் சுத்தி ரத்தம். அந்தப் பைக்கு ஒரு கழுத்து இருக்கும். சண்டை முழுக்க அந்தக் கழுத்தோடதான்.

கேள்வி: முதல் ஒப்பரேசன் ஆர் செய்தது?

முந்தி ஆக்கள் தொண்டைப் பக்கத்தால மேல போற பெரிய நாடியைக் கட்டி விட்டவை, பைக்குப் போற ரத்தம் குறையும்தான், ஆனா மூளைக்கும் குறைஞ்சு பாரிசவாதம் வந்தா என்ன செய்யிறது? திட்டம் போட்டு நேர பையில கை வைச்சது எடின்பரோவில நோர்மன் டொட், 1931இல. நோயாளியின்ர தொடையில இருந்தே தசை எடுத்து பையைச் சுத்திப் பொத்தினவர், ஆள் தப்பினார்! பேந்து 1937இல பால்ற்றிமோரில வோல்ற்றர் டண்டி ஒரு சின்ன வெள்ளிக் கிளிப்பைக் கழுத்தில போட்டு நெரிச்சார். பை அடைபட்டுது, நாடி வழமைபோல ஓடிச்சுது.

கேள்வி: அதோட பிரச்சினை முடிஞ்சுதே?

எங்க தம்பி முடியிறது. வெள்ளிக் கிளிப்பை நெரிச்சா நெரிச்சதுதான், இடம் பிழைச்சா லேசில திறக்கேலாது, அதுக்குத்தான் பிறகு உடுப்புக் கிளிப் மாதிரி ஸ்பிரிங் வைச்சது வந்தது. ஆனா என்னைக் கேட்டா கிளிப்பை விட மைக்கிறஸ்கோப்தான் பெரிய விசயம், 1960கள் கடைசியில சூரிச்சில யசார்கில் எண்ட டொக்டர் அதுக்குள்ளால பாத்துச் செய்யத் தொடங்கினாப் பிறகுதான் மயிர் மாதிரி நாடியளையும் விலத்திப் போகலாமெண்டு வந்தது. மூளைத்தண்டுக்கு முன்னால கிடக்கிற பையளில ஆரும் கை வைக்கப் பயந்த காலத்தில சாள்ஸ் டிரேக் செய்து காட்டினார், லண்டனில, இங்கிலாந்து லண்டன் இல்லை, எங்கட சனம் இருக்கிற கனடா லண்டன்.

கேள்வி: இப்ப மண்டை திறக்காமலே செய்யினமாம்?

ஓம். 1990இல லொஸ் ஏஞ்சலிசில குல்யெல்மி எண்ட இத்தாலிக்காரர் தொடங்கினது. கவட்டு நாடியால மெல்லிய குழாய் விட்டு, பைக்குள்ள பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பி, துளி கரண்ட் குடுத்தா சுருள் கழண்டு அங்கயே தங்கிடும். 2002இல வெடிச்ச அனூரிசம் உள்ள 2143 பேரை வைச்சு ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஒரு வருசத்தில செத்தவை, மற்றவையின்ர தயவில கிடந்தவை எண்டு பாத்தா சுருள் வைச்சவையில 23.7 வீதம், கிளிப் போட்டவையில 30.6. அதுக்காகக் கிளிப்பைத் தூக்கி எறியேலாது, கழுத்து அகண்ட பைக்குள்ள சுருள் நிண்டுபிடிக்காது, சிலதுக்குத் திரும்பவும் வைக்க வேண்டி வரும்.

கேள்வி: மாமி ஒப்பரேசன் மாட்டன் எண்டுறா அக்கா.

வெடிக்காததெல்லாத்தையும் வெட்டுறதில்லை பிள்ளை, சின்னனெண்டா பாத்துக்கொண்டிருக்கச் சொல்லவும் கூடும், டொக்டரோட இருந்து கதையுங்கோ. பிரசர் குளிசையை மட்டும் விடவேண்டாமெண்டு சொல்லு. திடீரெண்டு இடி விழுந்த மாதிரித் தலையிடிச்சா தைலம் பூசிக்கொண்டு இருக்காமல் நேர பெரியாஸ்பத்திரி.

கேள்வி: அப்பாவுக்கு முந்திக் கிளிப் போட்டது, எம்.ஆர்.ஐ எடுக்கலாமோ?

இப்பத்தைய டைட்டேனியம் எண்டா அனேகமா பிரச்சினை இல்லை. பழைய ஸ்டீல் சிலதைக் காந்தம் இழுத்து அசைச்சுப்போடும், ஆபத்து. ஒப்பரேசன் நேரம் தந்த கிளிப் விபரக் கார்ட்டைத் தேடி எடுத்துக் காட்டிப்போட்டுத்தான் மெசினுக்குள்ள விடுங்கோ.