தமிழ்ல குடுத்த கடிதத்துக்கு சிங்களத்துல பதில் வந்தா உரிமை மீறலா?

நுவரெலியா பக்கம் ஒரு அரச ஆபிஸ்ல தமிழ்ல கடிதம் குடுத்தும் சிங்களத்துலதான் பதில் வந்துச்சு, கேஸ் போடலாமான்னு கேட்டிருக்கீங்க. போடலாம். இலங்கை அரசியலமைப்போட 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு கிழக்குக்கு வெளிய இருந்தாலும் அரச ஆபிஸோட தமிழ்ல எழுதவும் தமிழ்லயே பதில் வாங்கவும் நமக்கு உரிமை இருக்கு, யாரும் பாவம் பாத்து செய்ற உதவி இல்ல.

126ஆம் உறுப்புரைல அடிப்படை உரிமை மட்டுமில்ல மொழி உரிமை மீறலுக்கும் நேரா கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கே (சுப்ரீம் கோர்ட்) மனு போடலாம், ஆனா ஒரு மாசத்துக்குள்ள போடணும், நம்ம ஆளுங்க தோட்டத் தலைவர்கிட்ட சொல்லி, அவரு எம்பிகிட்ட சொல்லின்னு இழுத்து கோட்டை விடுறது இங்கதான். லோயர் செலவுக்கு வழியில்லன்னா அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதிப் போடுங்க, 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்க சட்டத்தோட 13ஆம் பிரிவுப்படி அங்க விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாசக் கணக்குல சேராது. ஆனா முறைப்பாடு குடுத்த துண்ட மட்டும் காட்டினா பத்தாது, விசாரணை நடக்குதுன்னு காட்டணும், அதனால அவங்க அனுப்புற கடிதம் எல்லாத்தையும் பத்திரமா வைங்க.

இன்னொன்னு, இது அரச நிர்வாகம் செஞ்சதுக்கு மட்டும்தான். கம்பெனி தோட்டத்து தொரை (மேனேஜர்) வேலைப் பதிவுல பேரு வெட்டினாருன்னு 126ல போக முடியாது, அதுக்கு தொழில் திணைக்களம்தான். எனக்கும் ஒருக்கா பொறப்பு சர்டிபிகேட் விஷயத்துல இப்பிடி சிங்களத்துல பதில் வந்துச்சு, 22ஆம் உறுப்புரைய எழுதி பதிவுத் தபால்ல திருப்பி அனுப்பினேன், ரெண்டு கிழமைல தமிழ்ல வந்துச்சு. நீங்களும் மொதல்ல அதச் செஞ்சு பாருங்க, தேதிய மட்டும் மறந்துறாதீங்க.