கொச்சி யூதர்களோட செப்பேடு யாருக்கு?

அண்ணா வணக்கம்,
போன வாரம் ஃபேமிலியோட மட்டாஞ்சேரி ஜூ டவுன் போயிருந்தோம். பரதேசி சினகாக்ல (யூதர்களோட வழிபாட்டுக் கூடம்) அந்த சைனா டைல்ஸ், கண்ணாடி விளக்கெல்லாம் பாத்துட்டு வெளிய வந்தா ஒரு கடைக்காரர் சொல்றாரு, பக்கத்துலயே கடவும்பாகம்னு இன்னொரு சினகாக் இருந்துச்சாம், உள்ள இருந்த மரவேலையை மொத்தமா பேத்து இஸ்ரேலுக்குக் கொண்டு போய்ட்டாங்களாம். நம்ம ஊரு பொருள் இல்லையா அது? திருப்பிக் கேக்க வேண்டாமா?
எஸ்., கோயம்புத்தூர்

தம்பி,
பேத்தது நிஜம்தான், ஆனா திருட்டு இல்ல. 1950கள்ல மலபார் யூதர்கள், அதாவது கேரளத்துல ரொம்ப காலமா குடியிருந்த யூதர்கள், கிட்டத்தட்ட எல்லாருமே இஸ்ரேலுக்குக் கிளம்பிட்டாங்க, பிரார்த்தனைக்கு ஆளில்லாம அந்தக் கட்டடம் கயிறு குடோனா கிடந்துச்சு, அப்புறம்தான் உள்ள இருந்ததை விலைக்கு வாங்கிட்டுப் போய் ஜெருசலேம் மியூசியத்துல திரும்பக் கோத்து வெச்சாங்க. இங்க நின்ன சுவரு 2019 மழையில இடிஞ்சு விழுந்துச்சு. தாமரை செதுக்கின அந்த மச்சும் இங்கயே இருந்திருந்தா என்னாயிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

எனக்கு உறுத்துறது வேற. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 வாக்குல முயிரிக்கோட்டுல, அதாவது இன்னைய கொடுங்கல்லூர்ல இருந்து யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு இருக்கே, அது நீங்க டைல்ஸ் பாத்த அதே பரதேசி சினகாக் வசம்தான் வந்து சேந்துச்சு. வட்டெழுத்து. யாராவது எழுத்துக்கூட்டிச் சொன்னா நமக்கே பாதி புரியும், பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம்னு மொத்தம் 72 விடுபேறு, அதாவது மன்னர் கொடுத்த சிறப்பு உரிமை (பாவாடைன்னா இங்க நடக்க விரிக்கிற துணி, சிரிக்காதீங்க). மலையாளிங்க பழைய மலையாளம்பாங்க, நாம தமிழ்னு சொல்லுவோம், அந்தச் சண்டை தனி.

ஆனா பரதேசின்னா இங்க வெளிநாட்டுல இருந்து வந்தவங்க, அந்த சினகாக்கைக் கட்டினதே 1568ல, கட்டினவங்கள்ல பலர் ஸ்பெயின்ல இருந்து விரட்டப்பட்டு வந்தவங்களோட வழி. பல நூறு வருஷம் முன்னாடியே குடியிருந்த மலபார் யூதர்களுக்கு ஏழு சினகாக் தனியா இருந்துச்சு. செப்பேடு எங்க முன்னோருக்குக் கொடுத்ததுன்னு ரெண்டு பக்கமும் சொன்னாங்க. வந்தவங்க இருந்தவங்களைத் தங்களுக்குக் கீழன்னாங்க, கல்யாணம் பண்ணிக்கல. தங்களுக்குள்ளயே விடுதலையான அடிமைகளோட வாரிசுகளை சினகாக் பெஞ்சுல உக்கார விடல, ஏ.பி. சேலம்னு ஒரு வக்கீல் சத்தியாகிரகம் பண்ண வேண்டியிருந்துச்சு. நம்ம ஊரு பொருள்னீங்களே, நம்ம ஊரு சாதியும் அங்க இருந்துச்சு.

அடுத்த தடவை போனா சேந்தமங்கலம் (நம்ம நாமக்கல் பக்கத்து ஊரு இல்ல, கேரளத்துல இருக்கிறது) சினகாக்குக்குப் போங்க. வாசல்ல சாரா பத் இஸ்ரேல்ங்கிற பெண்ணோட 1269ம் வருஷத்துக் கல்லறைக் கல் நிக்குது, ஹீப்ரு எழுத்து. டைல்ஸ் கூட்டமெல்லாம் அங்க இருக்காது.