சில மாதங்களிலேயே தேயும் எஞ்சின் பெல்ட்: மாற்றுவதற்கு முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: என்னுடைய 28 அடி பாய்மரப் படகைச் சிங்கப்பூரின் சாங்கியில் மிதவையில் கட்டி வைத்திருக்கிறேன். இரண்டு சிலிண்டர் கொண்ட பழைய டீசல் எஞ்சின். சென்ற ஆண்டு பேட்டரிகளை லித்தியத்துக்கு மாற்றியபோது, அவற்றைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் 100 ஆம்பியருக்கு மாற்றினேன். அன்றிலிருந்து அதைச் சுழற்றும் பெல்ட் சில மாதங்களிலேயே தேய்ந்துவிடுகிறது. எஞ்சினைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிகிறது, ஸ்டார்ட் செய்தவுடன் கிறீச்சென்று சத்தமும் வருகிறது. பெல்ட்டை நானே மாற்றலாமா? எதை வாங்குவது? கடையில் விற்கும் பெல்ட் ஸ்பிரே பயன்படுமா?

பதில்: தாராளமாக நீங்களே மாற்றலாம். சில ஸ்பேனர்களும் கைவிளக்கும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆனால் ஒழுங்காக ஓடும் எஞ்சினில் ஒரு பெல்ட் நூற்றுக்கணக்கான மணி நேரம் உழைக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் ஓடும் படகில் அது சில மாதங்களில் தேய்கிறதென்றால், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மாட்டும் புதிய பெல்ட்டும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

என் முதல் சந்தேகம் உங்கள் ஆல்டர்னேட்டர் மீதுதான். ஈய அமிலப் பேட்டரி சார்ஜ் ஏற ஏற, வாங்கும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் உழைக்கும் நேரம் குறைவு. லித்தியம் பேட்டரி அப்படியல்ல. ஏறக்குறைய நிறையும் வரை, கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். 14 வோல்ட்டில் 100 ஆம்பியர் என்றால் 1,400 வாட். ஆல்டர்னேட்டரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால், பெல்ட் கடத்த வேண்டிய சக்தி 3 குதிரைத்திறனைத் தாண்டிவிடும். பழைய சிறு டீசல் எஞ்சின்களில் பெரும்பாலும் இருப்பது 10 மில்லிமீட்டர் அகல வி பெல்ட், அதாவது குறுக்குவெட்டு வி எழுத்து வடிவில் இருக்கும் பெல்ட். அது ஏறத்தாழ 70, 80 ஆம்பியர் வரைதான் தாங்கும் என்பது படகுத் தொழிலில் பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதற்கு மேல் போனால் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் அதன் பக்கங்கள் கண்ணாடிபோல் இறுகிப் பளபளத்து, இன்னும் அதிகமாக வழுக்கும். இதற்குப் பெல்ட்டை முறுக்கி இறுக்குவது தீர்வாகாது. அந்த இழுவையில் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும் தண்ணீர்ப் பம்பின் பேரிங்கும்தான் கெடும். ஆல்டர்னேட்டர் தரும் மின்னோட்டத்தைக் குறைத்து அமைக்கக்கூடிய ரெகுலேட்டர் பொருத்துவது, அல்லது ஆல்டர்னேட்டருக்கும் லித்தியம் பேட்டரிக்கும் இடையில் 30 ஆம்பியர் அளவோடு நிறுத்திக்கொள்ளும் டிசி-டிசி சார்ஜர் வைப்பது, இவ்விரண்டில் ஒன்றே சரியான வழி. பல பள்ளங்கள் கொண்ட தட்டை பெல்ட்டுக்கு மாற்றும் புல்லித் தொகுப்புகளும் கிடைக்கின்றன. ஆனால் பழைய எஞ்சினுக்கு அவ்வளவு செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

அடுத்து, அந்தக் கறுப்புத் தூளை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். கறுப்பாக மட்டும் இருந்தால் ரப்பர். செம்மண் நிறம் கலந்திருந்தால் புல்லியின் துருவும் சேர்ந்து உதிர்கிறது என்று பொருள். துருப்பிடித்த புல்லி பெல்ட்டை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். துரு ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கடல்நீர்ப் பம்பின் அடிப்பக்கத்தில், இரண்டு சீல்களுக்கு நடுவே, ஒரு சிறு கசிவுத் துளை இருக்கும். அங்கே வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் சீல் போய்விட்டது. சொட்டும் உப்புநீர் புல்லியில் பட்டு நாலாபுறமும் தெறிக்கும். அந்த நிலையில் முதலில் மாற்ற வேண்டியது பம்பின் சீல். பெல்ட்டை அதற்குப் பிறகு மாற்றலாம்.

ஆல்டர்னேட்டரை மாற்றியபோது நேர்க்கோடு தவறியிருக்கவும் வாய்ப்புண்டு. எஃகு அளவுகோலை நீளவாக்கில் வைத்து, மூன்று புல்லிகளின் பள்ளங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். விளிம்புகளின் தடிமன் புல்லிக்குப் புல்லி வேறுபடுமாதலால், விளிம்பை அல்லாமல் பள்ளத்தின் நடுவையே அளக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகலை, ஆல்டர்னேட்டர் அச்சாகக் கொண்டு திரும்பும் பிவட் போல்ட்டில் வாஷர் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்துவிடலாம்.

பெல்ட் வாங்க காக்கி புக்கிட், சின் மிங் பக்கத்து வாகன உதிரிபாகக் கடைகளுக்கே போகலாம். படகுப் பொருள் கடையின் விலை கொடுக்க வேண்டியதில்லை. பழைய பெல்ட்டைக் கையில் கொண்டு போங்கள், ஆனால் அதன் நீளத்தை மட்டும் நம்பாதீர்கள், ஏனெனில் தேய்ந்த பெல்ட் நீண்டிருக்கும். உங்கள் ஆல்டர்னேட்டர் வேறு மாறிவிட்டதால் எஞ்சின் கையேட்டின் எண்ணும் பொருந்தாது. ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கமாகத் தள்ளி, அதை நகர்த்திச் சரிசெய்யும் தகட்டின் பிளவில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிறுத்தி, நீளாத கயிற்றைப் புல்லிகளின் மேல்விளிம்போடு சுற்றி அளந்தால் வெளிச்சுற்றளவு கிடைக்கும். கடையில் எண்ணைக் கேட்கும்போது இதில்தான் குழப்பம் வரும்: தொழிற்சாலைகளில் பயன்படும் ஏ வகைப் பெல்ட்டின் எண் உட்சுற்றளவை அங்குலத்தில் சொல்லும், வாகனப் பெல்ட்டின் எண் பெரும்பாலும் வெளிச்சுற்றளவை மில்லிமீட்டரில் சொல்லும். 13 மில்லிமீட்டர் பெல்ட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். உட்பக்கம் பல் வெட்டிய வகையையே கேளுங்கள். சிறிய புல்லிகளை எளிதாக வளைந்து சுற்றும், சூடும் குறைவு.

வேலையைத் தொடங்குமுன் சாவியை எடுத்துவிட்டு பேட்டரி சுவிட்சை அணையுங்கள். அணைக்காவிட்டால் ஆல்டர்னேட்டரின் பின்முனையில் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அதற்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே பட்டால் பொறி பறக்கும். எஞ்சின் ஓடும்போது மட்டும் அந்தச் சுவிட்சைத் தொடவே கூடாது, ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடும். பிவட் போல்ட்டையும் சரிசெய்யும் போல்ட்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை உள்ளே தள்ளிப் பழைய பெல்ட்டைக் கழற்றுங்கள். கடல்நீர்ப் பம்பின் சிறு பெல்ட் அதற்குப் பின்னால் இருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. வெறும் புல்லிகளைக் கையால் சுற்றிப் பாருங்கள். பேரிங் கரகரத்தால் அதையும் கவனிக்க வேண்டும். பள்ளங்களின் பக்கங்களை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துக் காயவிடுங்கள். பள்ளத்தின் அடி பளபளத்தால், தேய்ந்த பக்கங்களினூடே பெல்ட் இறங்கி அடியைத் தொட்டிருக்கிறது. வி பெல்ட் பிடிப்பது பக்கங்களால்தான் என்பதால் அந்தப் புல்லிக்கு வாழ்வு முடிந்தது.

புதிய பெல்ட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள். உள்ளிருக்கும் இழைகள் அறுந்தாலும் வெளியே தெரியாது. இறுக்கும்போது மரக்கட்டையால், ஆல்டர்னேட்டரின் உறுதியான முன்பகுதியில் மட்டும் நெம்புங்கள். நடுவில் அழுத்தினால் அலுமினிய உறை விரிசல் விடும். மிக நீண்ட இடைவெளியின் நடுவில் கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் 10 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்க வேண்டும். பம்பின் குட்டி பெல்ட்டில் அதில் பாதி போதும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு எஞ்சினை நிறுத்தி மீண்டும் பாருங்கள், புதிய பெல்ட் கட்டாயம் சற்றுத் தளர்ந்திருக்கும். ஐந்தாறு மணி நேரத்துக்குப் பிறகு இன்னொரு முறை இறுக்கினால் நிலைத்துவிடும்.

ஸ்பிரேயை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பிசுபிசுப்பைக் கூட்டிச் சத்தத்தைச் சில நாள் அடக்கும். ஆனால் அந்தப் பிசுக்கில் தூளும் உப்பும் ஒட்டிப் பள்ளத்தில் சேரும்; வழுக்கலைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த சத்தமும் போய்விடும். ரெகுலேட்டரோ சார்ஜரோ பொருத்தும் வரை தியோமான் போன்ற நீண்ட பயணங்களைத் தள்ளிப்போடுங்கள். அருகில் புலாவ் உபின் வரை போவதானாலும் ஒரு மாற்று பெல்ட்டை, டீசல் படாத பிளாஸ்டிக் பையில் கட்டி, தேவையான ஸ்பேனர்களோடு எஞ்சின் பக்கத்திலேயே வைத்திருங்கள்.