நாலு வீடு, ஒரே பாட்டு: வாசகர் கேள்வி–பதில்

நண்பர்களோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு பாட்டைக் கவர் செய்து (ஏற்கெனவே வந்த பாட்டை நாமே வாசித்துப் பாடி) பதிவதைப் பற்றி வந்த கேள்விகளில் ஐந்து, இந்த இதழில்.

கேள்வி: கிட்டார், கீபோர்டு, வயலின், பாட்டு என்று நாலு பேர். அவரவர் வீட்டில் பதிவு செய்து அனுப்பினோம். சேர்த்துக் கேட்டால் பல்லவி பொருந்துகிறது. இரண்டாவது சரணத்தில் வயலின் எங்கேயோ ஓடிவிடுகிறது. அங்கே நகர்த்திப் பொருத்தினால் ஆரம்பம் கெடுகிறது. என்ன கோளாறு?

பதில்: இதற்கு மூன்று பேர் மேல் சந்தேகப்படலாம். முதலாவது, சாம்பிள் ரேட், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்பது. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48 என்று எடுத்துக்கொண்டால் 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 விநாடியில் முடிந்துவிடும். ஒரு கட்டை சுருதியில் வாசித்தது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே போய் நிற்கும். அப்படியிருந்தால் உங்களுக்குப் பல்லவியின் முதல் வரியே பொருந்தியிருக்காது. ஆகவே அதுவல்ல. இரண்டாவது, கருவிக்குக் கருவி கடிகாரம் லேசாக மாறுவது. 4 நிமிடத்தில் அது பெரும்பாலும் சில மில்லி செகண்டோடு நின்றுவிடும். வயலினை ஓடவிடும் அளவுக்குப் போகாது.

மிஞ்சுவது டெம்போ, அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகம். எல்லோரும் ஒரே கிளிக்கை (அடிக்கு ஒரு ‘டிக்’ சத்தம்) கேட்டு வாசிக்கவில்லை. யாரோ மெட்ரோனோம் வைத்து வாசித்திருக்கிறார், யாரோ மூலப் பாட்டைக் காதில் ஓடவிட்டு வாசித்திருக்கிறார். வாத்தியக் குழு மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த பழைய பாட்டுகள் கடைசிவரை ஒரே டெம்போவில் நிற்பது அபூர்வம். ஒருவர் 90-லும் இன்னொருவர் 91-லும் போனால் 3 நிமிடத்தில் 3 அடி தள்ளிவிடும். பதிந்ததை வெட்டி ஒட்டி இதைச் சரிசெய்வதைவிடத் திரும்ப வாசிப்பது சீக்கிரம் முடியும்.

இந்த முறை கைடு டிராக்கிலிருந்து, அதாவது எல்லோரும் கேட்டுக்கொண்டே வாசிப்பதற்கான வழிகாட்டிப் பதிவிலிருந்து தொடங்குங்கள். பாடுபவருக்கு எத்தனை கட்டை வசதி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றவர்கள் அதற்கு இறங்கி வரட்டும். சுருதி சேர்க்கும் ட்யூனர் எல்லோரிடமும் 440 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். பிறகு கீபோர்டுக்காரர் கிளிக்கோடு முழுப் பாட்டுக்கும் கார்டுகளை (பல ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவது) வாசித்து, அதன்மேல் பாடுபவர் சும்மா ஒரு தடவை பாடி வைக்கட்டும். இந்தக் குரல் கடைசியில் வெளியே போய்விடும், ஆனாலும் வேண்டும். சரணம் எங்கே தொடங்குகிறது என்று வயலின்காரர் அடிகளை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது பாருங்கள். பாட்டுக்கு முன்னால் 8 கிளிக், முடிந்தபின் 4 கிளிக். இதை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாக எல்லோருக்கும் அனுப்புங்கள்.

கைடை ஒரு கைபேசியில் கேட்டு இன்னொன்றில் பதிபவர்கள், முன்னால் வரும் 8 கிளிக்கின்போது ஒரு இயர்போனை மைக்கருகே பிடிக்க வேண்டும். கிளிக் பதிவாகிவிட்டால் அதை வைத்தே டிராக்கை உட்கார்த்திவிடலாம். கடைசி 4 கிளிக்குக்கும் அப்படியே பிடித்தால், இடையில் நழுவியதா என்பதும் தெரிந்துவிடும். வாசிக்காத இடங்களை வெட்டாமல் முழு நீளத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி நசுங்கிவிடும்; ஃபைலாகவே அனுப்ப வேண்டும்.

கேள்வி: கணினியில் பாடிப் பதியும்போது என் குரலே ஹெட்போனில் எனக்குத் தாமதமாகக் கேட்கிறது. தாளம் தடுமாறுகிறது.

பதில்: ப்ளூடூத் ஹெட்போன் என்றால் கழற்றி வையுங்கள். 100 மில்லி செகண்டுக்கு மேல் தாமதிப்பது அதில் சகஜம். வயர் ஹெட்போனிலும் அப்படித்தான் என்றால் பதியும் மென்பொருளின் பஃபரை, அதாவது அது ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலியின் அளவைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்பது 21 மில்லி செகண்ட். 128-க்கு இறக்கினால் 3-க்கும் குறைவு. இறக்கியதும் படபடவென்று வெடிப்புச் சத்தம் வந்தால் கணினியால் தாங்க முடியவில்லை என்று பொருள். அப்போது 256 வைத்துக்கொண்டு, எஃபெக்டுகளை மிக்ஸிங் வரை அணைத்து வையுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால் இதில் எதுவும் தேவையில்லை, கணினியைச் சுற்றிவராமல் குரல் நேரே காதுக்கு வந்துவிடும்.

கேள்வி: நல்ல கண்டென்சர் மைக்தான். ஆனாலும் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கிறது. சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அட்டை மெலிசு, ஒலியைக் குடிக்காது. மைக் நல்லது என்பதால்தான் அறையின் எதிரொலியும் இவ்வளவு தெளிவாகப் பதிந்திருக்கிறது. உதட்டுக்கும் மைக்குக்கும் இடையே 15 முதல் 20 செ.மீ. போதும். அதைவிட நெருங்கினால் அடிக்குரல் உப்பிப்போகும்.

பலர் மைக்கின் பின்னால் மெத்தையை நிறுத்துகிறார்கள். கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். அது பார்த்துக்கொண்டிருப்பது பாடுபவரையும் அவர் முதுகுக்குப் பின்னாலிருக்கும் சுவரையும்தான். கனமான ரஜாயோ இரண்டு மடிப்புக் கம்பளியோ அந்தப் பக்கம் தொங்கட்டும். அறையின் நட்டநடுவில் நிற்க வேண்டாம். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடினாலும் நன்றாக இருக்கும். ‘ப’ வரும் இடங்களில் காற்று அடித்தால் மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். கெயினை, அதாவது மைக் ஒலி எவ்வளவு ஏறிப் பதிய வேண்டும் என்ற அளவைப் பாட்டின் உச்ச வரியைப் பாடிப் பார்த்து வையுங்கள். அந்த வரி மீட்டரில் மைனஸ் 10 டெசிபலைத் தொட்டால் போதும். 24 பிட்டில் குறைவாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பிளந்துபோன உச்சத்தை ஒட்டவைக்க முடியாது.

கேள்வி: ஒரே அறையில் நான் பாட, நண்பர் கிட்டார் வாசித்தார். ஆளுக்கொரு மைக். தனித்தனியே நன்றாக இருக்கிற டிராக்குகள், சேர்த்ததும் தகரம்போல் ஒலிக்கின்றன.

பதில்: உங்கள் குரல் இரண்டு மைக்கிலும் விழுந்திருக்கிறது. ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். கிட்டார் மைக் அந்த அளவு கூடுதல் தூரத்தில் இருந்தால் குரல் அங்கே ஒரு மில்லி செகண்ட் பிந்தி வரும். இரண்டையும் கூட்டும்போது 500 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி ஒன்றையொன்று தின்றுவிடும். குரலின் சதை அங்கேதான் இருக்கிறது. கிட்டார் டிராக்கை அணைத்துப் பாருங்கள். குரல் பருத்தால் இதுதான் காரணம்.

பதிந்துவிட்ட டேக்குக்கு, ஒரு டிராக்கில் போலாரிட்டி பொத்தானை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) திருப்பிப் பார்க்கலாம். சில சமயம் பாதி குணமாகும். அடுத்த முறை மைக் தன் வாத்தியத்திலிருந்து எவ்வளவு தூரமோ, இரண்டு மைக்குக்கும் இடையே குறைந்தது அதைப்போல் மூன்று மடங்கு விடுங்கள்: 20 செ.மீ.க்கு 60. கிட்டாரில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் கருவி) இருந்தால் அதை நேரே இன்டர்ஃபேஸில் செருகுங்கள். சேர்ந்து வாசிக்கும் உயிரோட்டம் வேண்டும் என்று பிடிவாதம் இல்லாவிட்டால், கிட்டார் முதலில், குரல் பிறகு.

கேள்வி: முழுக்க நாங்களே வாசித்துப் பாடிய பாட்டு. யூடியூபில் ஏற்றியதும் காப்புரிமைக் கோரல் வந்துவிட்டது. சத்தமும் குறைந்திருக்கிறது. மூலப் பதிவிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்கவில்லையே?

பதில்: மெட்டுக்கும் வரிகளுக்கும் ஒரு உரிமை, மூல ஒலிப்பதிவுக்கு வேறொரு உரிமை. நீங்களே வாசித்ததால் இரண்டாவதைத் தொடவில்லை, முதலாவது அப்படியேதான் இருக்கிறது. யூடியூபின் தானியங்கி முறை மெட்டையும் அடையாளம் காணும். வந்திருப்பது வெறும் கோரல் என்றால் பெரும்பாலும் காணொளி இருக்கும், விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். முடக்கச் சொல்லவும் அவருக்கு வழி உண்டு. ஸ்ட்ரைக் (சேனலுக்கு எதிராக விழும் காப்புரிமை எச்சரிக்கை) என்பது வேறு, அதற்குத்தான் பயப்பட வேண்டும். கரோக்கி டிராக் மேல் பாடினால் அதைத் தயாரித்தவரின் கோரலும் சேர்ந்துகொள்ளும்.

சத்தம் குறைந்ததற்கும் கோரலுக்கும் சம்பந்தமில்லை. மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தின் அலகு) அளவை மீறும் ஒலியை யூடியூப் இறக்கிவிடும். அதற்குக் குறைவானதை ஏற்றாது. லிமிட்டரில் (உச்சங்களை அமுக்கும் எஃபெக்ட்) நசுக்கி ஏற்றிய சத்தத்தை அது இறக்கிவிட்டது, நசுங்கல் மட்டும் உங்களிடம் தங்கிவிட்டது. லிமிட்டரைத் தளர்த்தி, உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தி மறுபடி ஏற்றுங்கள்.