கோச்சிங் போனா குணம் மாறிடுமா?

"மார்க்கெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு, ரெண்டு வருஷமா மெடிக்கல் சீட் இன்டர்வியூலதான் போகுது, எம்பொண்ணு குணத்துக்கே மார்க் கம்மியா போட்டுட்டாங்க சார்"னு ஒரு அம்மா நேத்து அழுதுட்டாங்க. பக்கத்துல அப்பா ஒரு கோச்சிங் நோட்டீஸை மடிக்கிறதும் பிரிக்கிறதுமா இருந்தாரு. மூணு மாசத்துல பர்சனாலிட்டியவே மாத்திடுவாங்கன்னு பெரியப்பா சொன்னாராம்.

கொஞ்ச நேரம் ஆறுதல் சொல்லிட்டு, அம்மா அந்தப் பணத்தை கட்டாதீங்கன்னு நேராவே சொல்லிட்டேன்.

பொண்ணு போனது எம்எம்ஐ, அதாவது மல்டிபிள் மினி இன்டர்வியூ, ஒரே பெரிய இன்டர்வியூவுக்கு பதிலா பல குட்டி இன்டர்வியூ, ஒவ்வொண்ணுக்கும் ஸ்டேஷன்னு பேரு. கனடாவுல மெக்மாஸ்டர் யூனிவர்சிட்டிக்காரங்க உருவாக்கி 2004ல கட்டுரையா வெளியிட்டாங்க. ஒரே ஆள் முன்னாடி உக்கார வெச்சா, மொத நிமிஷத்துல பிடிச்சுப்போச்சுன்னா எல்லாத்துக்கும் அள்ளிப் போடுவாரு, பிடிக்கலன்னா எல்லாத்துலயும் வெட்டுதான், அதனால பத்து ஸ்டேஷன், ஒவ்வொண்ணுக்கும் 8 நிமிஷம், ஒவ்வொண்ணுலயும் வேற வேற ஆளுன்னு பிரிச்சாங்க. ஒரு ஸ்டேஷன்ல அசத்துற பிள்ளை அடுத்ததுல சொதப்பும், அது சகஜம். அந்த 8 நிமிஷத்துல என்ன செஞ்சாங்களோ அதுக்குத்தான் மார்க், பொண்ணு நல்லவளா கெட்டவளான்னு யாரும் தீர்ப்பு எழுதல.

கோச்சிங்? 2008ல ஆஸ்திரேலியாவுல ஒரு மெடிக்கல் காலேஜ்ல ஆராய்ஞ்சு பாத்தாங்க, கோச்சிங் போனவங்களுக்கு எம்எம்ஐல பெருசா எந்த லாபமும் இல்ல. மனப்பாடம் பண்ணின கருணையை அன்னைக்கு இருபதாவது தடவையா கேக்குறவருக்குத் தெரியாதா என்ன.

அப்புறம் பொண்ணுகிட்ட பேசினேன். தாத்தாவுக்கு ஸ்ட்ரோக் வந்து கை பிடிமானம் போனப்போ இவளே ஸ்பூன் பிடியில ஸ்பாஞ்ச் சுத்திக் குடுத்திருக்கா, மொதல்ல துணி சுத்தி அது வழுக்கிருச்சாம். இத சொல்றப்போ மட்டும் முகமே வேற மாதிரி ஆயிடுச்சு. ஏம்மா, இதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு, ஆக்குபேஷனல் தெரபி, யாருமே சொல்லலையான்னு கேட்டேன்.

இத பிசியோதெரபியோட தம்பி படிப்புன்னு நெனைக்கிறாங்க, தப்பு. பிசியோ கையை அசைய வெப்பாரு, இவங்க அந்தக் கையால சட்டை பட்டன் போட வெப்பாங்க. ஒரு பக்கம் விழுந்தவருக்கு சட்டை மாட்டுறப்போ முடியாத கையை மொதல்ல விடணும், கழட்டுறப்போ நல்ல கையை மொதல்ல எடுக்கணும், கேக்க சின்ன விஷயம், ஆனா அந்த மனுஷன் யாரையும் கூப்பிடாம தானே டிரஸ் பண்ணிக்கிறது இதுலதான் இருக்கு. பிளாஸ்டிக் ஷீட்டை சுடுதண்ணில இளக்கி கைக்கு அளவா ஸ்ப்ளின்ட், அதாவது கையைத் தாங்குற பட்டை, செய்வாங்க, பென்சில் பிடிக்க வராத குழந்தைக்கு வழி கண்டுபிடிப்பாங்க, வீட்டுக்கே போய் பாத்ரூம்ல கைப்பிடி எங்க வேணும்னு பாப்பாங்க. இந்தப் படிப்புக்கும் பல இடத்துல இந்த மாதிரி இன்டர்வியூ வெச்சு மார்க் போடுறாங்கதான், ஆனா அங்க துணி வழுக்கின கதையை அப்படியே சொன்னா போதும்.

"அப்ப டாக்டர் இல்லையா"ன்னாரு அப்பா. இல்ல சார், டாக்டர் இல்ல. பெரியப்பாவுக்கு அது குறையா இருக்கலாம், ஃபீஸ் கட்டப்போறது அவரில்லையே. மெடிக்கல் இன்னொரு தடவை எழுதணும்னு அவளா சொன்னா எழுதட்டும், நான் குறுக்க வரல. கடன் வாங்கி கோச்சிங் மட்டும் வேணாம், மூணாவது வருஷத்தையும் சொந்தக்காரங்களுக்காக வீணாக்க வேணாம்.

மொதல்ல ஒரு ஆக்குபேஷனல் தெரபி டிபார்ட்மென்ட்ல பர்மிஷன் வாங்கி நாலஞ்சு நாள் ஓரமா நின்னு பாத்துட்டு வரட்டும். பிடிக்கலன்னா அதையும் விட்டுடலாம், நான் ஒண்ணும் வருத்தப்பட மாட்டேன்.