உங்களுக்குப் பிடித்த வங்காள நடிகை யார், ஏன்?

சுசித்ரா சென். பெயர் கேள்விப்படாதவர்களுக்கு, பாரதிராஜாவின் 'தாஜ்மகால்' படத்தில் நடித்தாரே ரியா சென், அவருடைய பாட்டி.

2013-இல் வேலைக்காகக் கொல்கத்தா போனபோது எனக்கும் அவ்வளவுதான் தெரியும். வீட்டுக்காரம்மாவை எல்லோரும் மாசிமா என்றுதான் கூப்பிடுவோம். உத்தம் என்றால் சுசித்ராவோடு ஜோடி சேர்ந்த வங்காள நடிகர் உத்தம் குமார். மாசிமாவுக்கு 'உத்தம்-சுசித்ரா' என்பது ஒரே சொல், பிரித்துச் சொல்லிக் கேட்டதே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து முப்பது படம் அளவுக்கு நடித்திருக்கிறார்கள், அத்தனையையும் எனக்குக் காட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார் மாசிமா.

உண்மையைச் சொன்னால் சில காதல் படங்களில் சுசித்ரா நடிப்பதைவிடக் கேமராவுக்கு முகம் காட்டுவதுதான் அதிகம். ஆனால் 'தீப் ஜ்வேலே ஜாய்' (1959) பார்த்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். அதில் உத்தம் குமார் ஜோடி இல்லை. மனநல மருத்துவமனை நர்ஸ், நோயாளியைக் குணப்படுத்துவதற்காக அவனைக் காதலிப்பதுபோல் நடிக்க வேண்டும், அது சிகிச்சையின் ஒரு பகுதி. நடிக்கப்போய் நிஜமாகவே மனதைப் பறிகொடுக்கிறாள், அவன் குணமாகிப் போய்விடுவான், கடைசியில் அதே மருத்துவமனையில் இவள் நோயாளி. அந்தக் கடைசிக் காட்சியில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அன்று இரவு சாப்பாடே இறங்கவில்லை.

பிறந்தது இன்றைய பங்களாதேஷில் இருக்கும் பப்னாவில், 1931-இல், இயற்பெயர் ரமா. 1947-இல் கல்யாணம், அதற்குப் பிறகுதான் சினிமா. முதலில் நடித்த படம் வெளியாகவே இல்லை. இந்தியில் 'தேவதாஸ்' (1955) பார்வதி அவர்தான். 'சாத் பாகே பாந்தா'வுக்காக 1963-இல் மாஸ்கோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார். அப்புறம் குல்சாரின் 'ஆந்தி' (1975), அதில் இந்திரா காந்தியின் சாயல் தெரிகிறது என்று பேச்சு கிளம்பி, எமர்ஜென்சியில் படத்தையே நிறுத்திவிட்டார்கள். நம் ஊருக்கும் அவர் படங்கள் வந்திருக்கின்றன, வேறு முகங்களோடு: 'அக்னி பரீக்ஷா'தான் சாவித்திரியின் 'மஞ்சள் மகிமை', 'உத்தர் பால்குனி'தான் சௌகார் ஜானகியின் 'காவியத் தலைவி'.

எனக்கு அவரைப் பிடிக்க இன்னொரு காரணம், வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சத்யஜித் ராய் தன் படத்தில் நடிக்கக் கேட்டபோதே, அந்தப் படம் முடியும்வரை வேறு படத்தில் நடிக்கக்கூடாது என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ளாமல் மறுத்தவர். 1978-இல் கடைசிப் படம், அதோடு கதவைச் சாத்திக்கொண்டார். பேட்டி, விழா எதுவும் கிடையாது. தாதா சாகேப் பால்கே விருது தர முன்வந்தபோதும், அதற்காக டெல்லி வரைக்கும் வெளியே வர மறுத்துவிட்டார் என்றுதான் செய்தி.

2014 ஜனவரி 17, சுசித்ரா இறந்த நாள், நான் கொல்கத்தாவில்தான் இருந்தேன். காலையிலிருந்து மாசிமா டிவி முன்னால், வயதான முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் அவருக்கு. பூ மூடிய பெட்டியும் கூட்டமும்தான் தெரிந்தன, முகம் காட்டவே இல்லை. சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு, "அவள் காட்டமாட்டாள், எனக்குத் தெரியும்" என்றார், ஏதோ ஜெயித்த மாதிரி.